நாலாவது பெடலும் அறுபத்திரண்டு சென்டிமீட்டரும்

கையில் இன்ச் டேப் வைத்திருக்கும் யாரையும் சட்டென்று நம்பிவிடாதீர்கள். தெரியாதவர் தெரியாது என்று ஒதுங்கிப் போய்விடுவார். அளந்து பார்த்தவர் ஒதுங்கமாட்டார். தன் தப்பை மில்லிமீட்டர் சுத்தமாகச் செய்து முடித்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகருவார். ஏழு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாவது மாதத்தில், நெல்லித்தோப்பில் என் மாமனார் வீட்டு வாசலில் அப்படி ஒரு டேப்போடு நின்றவள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். வந்து நிற்கும் பம்பை அளந்து பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ முத்திரை குத்துவது என் தொழில். (அந்த முத்திரையை நான் வீட்டுக்கும் எடுத்துவந்துவிட்டதாக என் கணவர் சொல்வார். அவருக்கு வாரம் முழுக்கச் சென்னையில் வேலை. சனிக்கிழமை வந்து இப்படி ஏதாவது சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவார்.)

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களை சொல்தா என்பார்கள். எங்கள் வீட்டுக்கே சொல்தா வீடு என்றுதான் பெயர். பென்ஷனையும், கோபம் வந்தால் மட்டும் வெளியே வரும் பிரெஞ்சையும் விட்டுவிட்டால், அவர் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இடது பக்கம் ஸ்டியரிங், இரண்டே சீட்டு, உயரம் என் இடுப்புக்கும் கீழே. அதில் ஏறுவது பெரிய வேலையில்லை, விழுந்தால் போதும். இறங்கத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும்.

அந்தக் காருக்கு முகத்தில் விளக்கே கிடையாது. பானெட்டுக்குள் படுத்திருக்கும். வேண்டும்போது டிரைவர் எழுப்ப வேண்டும். சுவிட்சால் அல்ல, காலால். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் போதாதென்று நாலாவதாக ஒரு பெடல். அதை மிதித்தால் கேபிள் இழுத்து, இரண்டு விளக்கும் தவளைக் கண் மாதிரி மேலே வரும். வயதான காலத்தில் பெடலின் கொக்கி தேய்ந்துபோனதால் காலை எடுத்தால் கண்ணும் மூடிக்கொள்ளும். மாமா அதற்கென்று ஒரு மரக்கட்டை செதுக்கி வைத்திருந்தார். பெடலை மிதிப்பார், கட்டையைச் சொருகுவார், அப்புறம் ஊர்கோலம் போவார்.

அந்த மாதம் கேபிள் அறுந்தது. மெக்கானிக் புதுக் கேபிள் போட விளக்குகளைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், மகள் பிரசவம் என்று கடலூருக்குப் போய்விட்டார். அவர் மாட்டிய லட்சணத்தில் ஒரு விளக்கு தரையில் காசு தேடியது, இன்னொன்று வேப்பமரத்தில் காக்கா தேடியது. காரின் பதிவு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குக் காலை போக்குவரத்து ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும்.

அத்தைக்கு அந்தக் கார் மேல் இருந்த கோபம் ஒரு சக்களத்தி மேல்கூட வராது. போர்ட்டிகோவை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கிறது, கொடி கட்டித் துணி உலர்த்த இடமில்லை, முப்பது வருடமாக. அவர் அந்த வாரம் மாமாவை உட்காரவைத்துச் சொன்னது எனக்குச் சமையலறை வரை கேட்டது.

"ஏங்க, இந்தத் தடவ பாஸ் ஆகலன்னா, வெலைக்குக் கேக்கற அந்த மெட்ராஸ்காரருக்கு வண்டியக் குடுத்துடணும். அவரு சனிக்கெழம வரேன்னு சொல்லிட்டாரு. எங்க, என் கைல அடிச்சி சத்தியம் பண்ணுங்க."

மாமா அடித்துக் கொடுத்தார். அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போய், காரின் பானெட்டை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். ஆறடி உயரம், தொண்ணூற்று இரண்டு கிலோ எடை. பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் பாவப்பட்டதோடு நின்றிருக்கலாம். "வெளக்கு அலைன்மென்ட்தானே மாமா? நான் பாத்துக்கறேன்" என்றேன். வந்து மூன்று மாதம் ஆகியும் அந்த வீட்டில் என் படிப்புக்கு வந்த ஒரே வேலை, குக்கர் கைப்பிடியின் ஸ்க்ரூ முடுக்குவது. இப்போது ஒரு முழுக் கார் கிடைத்திருக்கிறது. விடுவேனா?

முறை சுலபம். சமதரையில் காரை நிறுத்தி, இருபத்தைந்து அடி தள்ளி ஒரு சுவர். விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. டிரைவர் சீட்டில் ஓட்டுகிறவரின் எடை இருக்க வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும்வரை ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பக்கத்து மதில்சுவரில் முயற்சி செய்தேன். கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தெருக்கள் மாதிரி இருக்கட்டும் என்று மாமா அந்தச் சுவருக்குக் கடுகு மஞ்சள் அடித்திருந்தார். பழைய பிரெஞ்சுக் கார் என்பதால் விளக்கின் வெளிச்சமும் மஞ்சள். மஞ்சள் சுவரில் மஞ்சள் வெளிச்சத்தின் விளிம்பைத் தேடி ஒரு மணி நேரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததில் எனக்குத் தலைவலிதான் வந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தேன். ஹக்கீம் பாய் வீடு. பாய்க்குப் பெரிய மார்க்கெட் பக்கம் கண்ணாடி, போட்டோ பிரேம் கடை. மகள் நிக்காஹ்வுக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சுவர் பளீரென்று இருந்தது. எங்கள் போர்ட்டிகோவில் கார் நிற்கும் இடத்திலிருந்து, கேட்டைத் திறந்து வைத்தால், அந்தச் சுவர் மிகச் சரியாக இருபத்தைந்து அடி. அளந்து பார்த்துவிட்டுக் கைதட்டினேன்.

ஒரே சிக்கல், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பாய் வீட்டுப் படிக்கட்டு தெருவுக்குள் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் மாமா காரை வெளியே எடுக்க ஒன்பது தடவை முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒன்பதாவது தடவையில் பம்பர் உரச, மாமா தெருவில் இறங்கி நின்று, "சர்வே ஆபீஸ்ல மனு குடுத்துட்டேன்யா! ஆள் வந்து குறி போட்டுப் படிய இடிப்பான், பாரு!" என்று கத்தியிருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றது.

பேசாத வீட்டில் போய் அனுமதி கேட்பது எப்படி? கேட்காமலே செய்தேன். வியாழக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கம்பெனிச் சீருடையோடு, தலையில் தொப்பி, வெயிலுக்கு முகத்தைச் சுற்றித் துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு தெருவில் இறங்கினேன். பாய் வீட்டுப் படிக்குப் பக்கத்தில், விளக்கின் உயரத்துக்குச் சரியாகத் தரையிலிருந்து அறுபத்திரண்டு சென்டிமீட்டரில், சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் இரண்டு குறுக்குக் குறி ஒட்டினேன். பக்கத்தில் சாக்பீஸால் 62 என்று எழுதினேன். எழுதியதை நோட்டிலும் எழுதிக்கொண்டேன். ஸ்க்ரூவுக்கு வாஷர் வாங்க முனைக் கடைக்கு நடந்தேன். (இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். நான் என்ன செய்தேன் என்று இந்தத் தெருவில் குடியிருக்கும் எவருக்கும் உடனே புரியும். எனக்குத்தான் புரியவில்லை.)

ஆறே முக்காலுக்கு இருட்டத் தொடங்கியதும் வேலையை ஆரம்பித்தோம். மாமாவைச் சீட்டில் இறக்கினேன். மரக்கட்டை வேண்டாம், கட்டை அசைந்தால் அளவும் அசையும், காலாலேயே மிதித்துப் பிடியுங்கள் என்று உத்தரவு போட்டேன். விளக்குகள் எழுந்தன. சிவப்புக் குறிகள் வெள்ளைச் சுவரில் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்தில் 62. மத்தியானம் ஒட்டியதைவிட டேப் இன்னும் நேராக இருக்கிற மாதிரி பட்டது. நம் கை வேலை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்க்ரூ டிரைவரால் திருகினேன், திருகினேன், வெளிச்சம் குறிக்குக் கிட்டேயே வரவில்லை. ஸ்க்ரூ கடைசி வரை போய்விட்டது. கழற்றி அடியில் வாஷர் கொடுத்தேன். போதவில்லை. இன்னும் இரண்டு கொடுத்தேன்.

"ஏம்மா கலை, காலு மரத்துப்போச்சு" என்றார் மாமா.

"எடுக்காதீங்க மாமா. இன்னும் அஞ்சு நிமிஷம்."

"அது இல்லம்மா. ரோட்டப் பாக்க வேண்டிய வெளக்கு பாய் வூட்டு சன்னல்ல எட்டிப் பாக்குதே?"

"உங்களுக்குத் தாழ உக்காந்து பாக்கறதால அப்படித் தெரியுது."

"நான் முப்பது வருஷமா தாழதாம்மா உக்காந்து பாக்கறேன்."

"மாமா, கண்ணு பொய் சொல்லும். அளவு பொய் சொல்லாது."

மாமா முணுமுணுப்பாக "மெர்த்" என்றார். (அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டபோது, 'புழுக்கம் ஜாஸ்தி' என்று அர்த்தம் என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்.) எதிர்வீட்டு ஜன்னலை யாரோ படாரென்று சாத்தினார்கள். அதையும் நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு வெளிச்சமும் குறிகளுக்குக் கீழே சொன்னபடி வந்து நின்றன. மாமாவை நானும் அத்தையும் சேர்ந்து வெளியே இழுத்தோம். வலது காலை ஊன்ற முடியாமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பிரேக் இன்ஸ்பெக்டர் பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்து, இறங்கிக்கொண்டார். பிரேக் பார்த்தார், ஹாரன் பார்த்தார், நன்றாகத்தான் போனது. ஷெட்டுக்குள் காரை விடச் சொல்லிவிட்டு, அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு, "லைட்டப் போடுங்க" என்றார்.

மாமா பெடலை மிதித்துக் கட்டையைச் சொருகினார். விளக்குகள் எழுந்தன. பலகையில் விழ வேண்டிய வெளிச்சம் பலகைக்கு மேலே போய், நேராக அந்த மனிதரின் முகத்தில் விழுந்தது. அவர் இடது பக்கம் நகர்ந்தார், அங்கே இன்னொரு விளக்கு. கண்ணுக்கு நோட்டை மறைத்துப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார்.

"யாருங்க இத அலைன் பண்ணது?"

நான் கையைத் தூக்க முடியாமல் நின்றேன். மாமா முந்திக்கொண்டார். "என் மருமக இன்ஜினியர் சார். அது செஞ்சது சரியாத்தான் இருந்திச்சி. வண்டி பழசு, வர வழில ஆடிடுச்சி."

ஒரு தடவை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முப்பது வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த காரின் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றினாரே, அதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "நாலு மணிக்குள்ள சரிபண்ணிக் கொண்டாங்க, பாக்கறேன்" என்றார். மணி அப்போது பதினொன்றரை. பட்டப்பகலில் எந்தச் சுவரில் வெளிச்சத்தைப் பார்ப்பது?

வீட்டுக்குத் திரும்பியதும், அத்தை "என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே போனில் சென்னைக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தார். நான் உள்ளே போகவில்லை. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக எதிர்ச்சுவருக்குப் போய்க் குறியின் உயரத்தை அளந்தேன். நூற்றுப் பத்து சென்டிமீட்டர். மறுபடி அளந்தேன். நூற்றுப் பத்து. பக்கத்தில் அழகாக, கொஞ்சம் குண்டு குண்டான எழுத்தில், 62.

அந்த 62 என் கையெழுத்தே இல்லை.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்தது என்று தெரியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து தெருவில் தலைநிமிர்ந்து பேசியிராதவள், நடுத்தெருவில் நின்று, "யாருங்க என் டேப்ப நகத்தினது?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

கதவு மெதுவாகத் திறந்தது. ஹக்கீம் பாய் கையைக் கட்டிக்கொண்டு படியில் வந்து நின்றார். ஜும்ஆவுக்குக் கிளம்பியவர் போல, வெள்ளைச் சட்டை.

"மேடம், தப்புதான். படிய மட்டும் விட்டுடுங்க மேடம். புள்ள இப்பதான் கட்டிக்குடுத்தோம், சம்பந்தி வந்து போற வாசல்."

"என்னா பாய் மேடம்? நான் எதிர்வூட்டு மருமக!"

அவர் என் முகத்தைப் பார்த்தார், கழுத்தில் அன்றும் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், போர்ட்டிகோவில் நின்ற மாமாவைப் பார்த்தார். "அப்ப நீங்க சர்வே ஆபீஸ் இல்லியா?"

விஷயம் இவ்வளவுதான். அவர் வீட்டுப் படி சரியாக அறுபத்திரண்டு சென்டிமீட்டர் உயரம். படிக்குப் பக்கத்தில், படி உயரத்தில், முகத்தை மூடிய ஒரு பெண் ஆபீசர் சிவப்புக் குறி போட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனதை அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கடையிலிருந்து பாய் ஓடி வந்திருக்கிறார். குறி ஜன்னலுக்குக் கீழே இருந்த பூந்தொட்டித் திட்டின் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. போனால் பூந்தொட்டித் திட்டு போகட்டும், படி பிழைக்கட்டும் என்று கணக்கு.

"பேசாம பிச்சிப் போட்டிருக்கலாமே பாய்?" என்றேன்.

"அழிச்சா கேஸும்மா. நகத்தினா யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு கொஞ்சம் பெருமையாகவே, "ரசமட்டம் வச்சித்தாம்மா ஒட்டினேன். நூல் பெசகாது" என்றார்.

பெசகவில்லைதான். நாள் முழுக்கப் படத்துக்குச் சட்டம் அடித்து நேர் பார்க்கிற கை. அதனால்தான் டேப் மத்தியானத்தைவிட நேராக இருந்திருக்கிறது. ராத்திரி நாங்கள் அடித்த வெளிச்சத்தை, இடிக்க வந்தவர்களுக்கு மாமா விளக்கடித்துக் காட்டுவதாக நினைத்து, அவர் குடும்பமே பின்கட்டில் உட்கார்ந்திருந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

"பாய், எனக்கு இப்ப ஒரு இருட்டு வேணும். இருபத்தஞ்சு அடி நீளத்துக்கு, சமதரையோட" என்றேன்.

"கண்ணாடி கொடௌன் இருக்கும்மா. ஷட்டர எறக்கினா கும்மிருட்டு. தரைல கோலிகுண்டு வச்சா உருளாது" என்றார். "தொழுதுட்டு வந்துடறேன். ஒண்ணரைக்கு அங்க நில்லுங்க."

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மார்க்கெட் சந்துக்குள் அந்தக் காரை ஓட்டிப் பார்த்தால்தான் மாமாவின் பிரெஞ்சு எவ்வளவு வளமானது என்று தெரியும். புழுக்கம் ஜாஸ்தி என்று அவர் முப்பது தடவையாவது சொன்னார். மீன்கூடையோடு வந்த ஒரு அக்கா, வழிவிட மறுத்து, கூடையைப் பானெட்டின் மேல் இறக்கி வைத்து இளைப்பாறினார். ஒன்றரைக்கு எப்படியோ கொடௌனுக்குள் போய்ச் சேர்ந்தோம்.

ஷட்டர் இறங்கியது. மாமா பெடலை மிதித்துக்கொண்டு சீட்டில், பாய் ரசமட்டத்தோடு சுவரோரம், நான் வாஷர்களைக் கழற்றிக்கொண்டு தரையில். இரண்டு வருடம் பேசாத இரண்டு பேரை இருட்டில் பூட்டிவைத்தால் என்ன நடக்கும்?

"சார்" என்றார் பாய் சுவர்ப் பக்கமிருந்து. "வெளக்கு சரியானா அந்த மனுவ வாபஸ் வாங்கிடுவீங்களா?"

விளக்கு லேசாக இறங்கியது. "காலு மாமா, காலு!" என்றேன். மறுபடி எழுந்தது.

"மனு குடுக்கல" என்றார் மாமா.

"என்னாது?"

"எழுதினேன். பிரெஞ்சுலதான் எழுத வந்திச்சி. தமிழ்ல மாத்தித் தர ஆள் கெடைக்கல. பீரோல கெடக்குது."

"ரெண்டு வருஷமா, தெருவுல ஜீப் நின்னா எனக்குப் பேதியாவும் சார்" என்றார் பாய். அவர் ரசமட்டத்தைத் தூக்கி எறிவார் என்று பயந்தேன். எறியவில்லை. "இன்னும் ரெண்டு நூல் எறக்கும்மா" என்றார் என்னிடம், எரிச்சலாக.

மூன்றே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றோம். இந்தத் தடவை அவர் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு லைட்டைப் போடச் சொன்னார். வெளிச்சம் பலகையில், கோட்டுக்குக் கீழே விழுந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் மாமா காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். ஷெட்டில் தூசியே இல்லை.

சென்னைக்காரர் சனிக்கிழமை வந்து, காபி குடித்துவிட்டுப் போனார். அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கார் இன்றைக்கும் போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. பாய் வீட்டுப் படியும் அப்படியே மூன்றடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மாமா காரை எடுக்கும்போதெல்லாம் பாய் வெளியே வந்து நின்று, "ஒடிங்க சார், இன்னும் ஒடிங்க" என்று வழிகாட்டுவார். இருவரும் அதிலேயே சண்டை போடுவார்கள்.

எனக்குத்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் இப்போது பம்ப் கம்பெனியில் பிரிவுத் தலைவி. ஆனால் நெல்லித்தோப்பில் யாரைக் கேட்டாலும் நான் சர்வே அம்மா. பாய் வீட்டுக்கு வரும் சம்பந்திகளுக்கெல்லாம் என்னைக் காட்டி இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த நூற்றுப் பத்து சென்டிமீட்டர் இன்னும் கொஞ்சம் உயர்கிறது. கடைசியாகக் கேட்டபோது குறி மொட்டைமாடிக்குப் போயிருந்தது.

போன மாதம் இது தெருவையும் தாண்டிவிட்டது. பக்கத்துச் சாரம் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் பட்டா நகலும் மனைப் படமுமாக வந்து கேட்டருகே நின்றார். பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறாம். சர்வே அம்மா வந்து நியாயமாக ஒரு குறி போட்டுத் தர வேண்டுமாம். நான் சர்வேயர் இல்லை, பம்ப் பார்க்கிறவள் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிக் கொண்டிருந்தபோது, போர்ட்டிகோவில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா நிமிராமலே சொன்னார்:

"போய் எங்கியாவது ஒண்ணு ஒட்டிட்டு வாம்மா. எங்க வேணுமோ அவங்களே நகத்திக்குவாங்க."